தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிய பொம்மைகள்

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சோமனூர், கருமத்தம்பட்டி, தெக்கலூர், சாமளாபுரம் பக்கத்தில் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரே ஒரு சுவர்தான் இருக்கும். நாடா அடிக்கும் சத்தம் பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் ஓயாது. இந்த வீடுகளுக்குள் டிவி வந்தபோது பெரியவர்கள் பட்ட கஷ்டம், வசனம் காதில் விழாதது. குழந்தைகளுக்கு அந்தக் கஷ்டமே இருக்கவில்லை. டாம் அண்ட் ஜெர்ரி ஓடும்போது யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. பூனை துரத்தும், எலி ஓடும், சட்டி பூனையின் தலையில் விழும். பக்கத்தில் இருபது தறி ஓடினாலும் கதை புரியும்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா இருவரும் 1940-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக உருவாக்கிய ஜோடி அது. ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனிப் படம் வரைவதற்குப் பணமும் நேரமும் இருந்த காலம். எம்ஜிஎம் நிறுவனம் 1957-இல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும் இருவரும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த பணம் மிகவும் குறைவு. எனவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உடம்பை அசையாமல் நிறுத்திவிட்டு வாயையும் கையையும் மட்டும் அசைத்தார்கள். ஓடுகிறவனுக்குப் பின்னால் ஒரே மரமும் ஒரே வீடும் திரும்பத் திரும்ப வந்தன. 1960-இல் வந்த ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ அப்படிப் பிறந்தது. அசைவு குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பியது. திரையரங்குக் கார்ட்டூன் கண்ணுக்கானது என்றால், தொலைக்காட்சிக் கார்ட்டூன் காதுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. குழந்தைக்கு அது எந்த மொழியில் கேட்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து தொடங்குகிறது.

நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு வெகுகாலம் இந்திதான் விடையாக இருந்தது. தொண்ணூறுகளின் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பில் மௌக்லி வந்தான். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 1989-இல் எடுத்த ‘ஜங்கிள் புக்’ தொடர் அது. டிஸ்னியின் ‘டக் டேல்ஸ்’ வந்தது. நம் பிள்ளைகள் புரியாத பாட்டையும் மனப்பாடமாகப் பாடிக்கொண்டு, கதையைக் கண்ணால் மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அதே ‘டக் டேல்ஸ்’ ஹங்கேரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1993 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, அந்நாட்டுப் பிரதமர் யோசெஃப் அன்டால் இறந்த செய்திக்காக அது பாதியில் நிறுத்தப்பட்டது. திரை கறுத்து, சோக இசை வந்தது. அன்று டிவி முன் உட்கார்ந்திருந்த குழந்தைகளை அந்த நாட்டில் இன்றும் ‘டக் டேல்ஸ் தலைமுறை’ என்றே சொல்கிறார்கள். ஒரு நாட்டின் அரசியல் மாற்றத்தை ஒரு தலைமுறை நினைவில் வைத்திருப்பது நின்றுபோன ஒரு கார்ட்டூன் வழியாக. பொம்மைப்படத்தை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்குள் வந்தது. வந்தது ஆங்கிலத்தில். சில ஆண்டுகள் கழித்துத்தான் தமிழ் பேசியது. அதைப் பார்க்கக் கேபிள் வேண்டும், வண்ணத் தொலைக்காட்சி வேண்டும். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் வீட்டில் இரண்டும் எளிதில் வந்துவிடவில்லை.

வந்தது 2006-க்குப் பிறகு. அந்த ஆண்டுத் தேர்தலில் திமுக சொன்ன இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் ‘சுட்டி டிவி’யைத் தொடங்கியது. நாள் முழுவதும் தமிழில் மட்டுமே பேசும், குழந்தைகளுக்கென்றே ஆன அலைவரிசை தமிழுக்கு அதற்கு முன் இருக்கவில்லை. இலவசத் தொலைக்காட்சியைப் பற்றி இந்தப் பதினெட்டு, இருபது ஆண்டுகளில் எத்தனையோ எழுதிவிட்டார்கள். ஓட்டுக்கான லஞ்சம் என்றார்கள், சமூகநீதி என்றார்கள். வாதம் முழுக்கப் பெரியவர்களைப் பற்றியது. பெட்டியும் சுட்டி டிவியும் ஏழு மாத இடைவெளியில் ஒரே வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று எங்கள் பகுதியைப் பார்த்தே சொல்லலாம். அப்பாவும் அம்மாவும் தறியில், அல்லது அப்பா தறியிலும் அம்மா பனியன் கம்பெனியிலும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ராத்திரி வரை தனியாகவோ தம்பி தங்கையோடோ இருக்கும். பாட்டி இருந்த வீடுகளில் பாட்டியும் தார் சுற்றிக்கொண்டிருப்பார். கதை சொல்ல ஆளில்லாத அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் ஜாக்கிசான் வந்தார், டோரா வந்தாள், புஜ்ஜி வந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஓடி முடிந்த ‘ஜாக்கிசான் அட்வென்ச்சர்ஸ்’ தமிழில் பேசிய பிறகுதான் நம் தெருக்களில் வாழத் தொடங்கியது. அதில் வரும் பன்னிரண்டு தாயத்துகளுக்கும் எந்தெந்தச் சக்தி என்று வாய்ப்பாட்டை விட வேகமாகச் சொல்லும் பிள்ளைகள் அன்று வகுப்புக்குப் பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்களுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயது. பலர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர்கள், சிலர் பெங்களூரில் மென்பொருள் வேலையில். அந்தத் தொடரின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி முகம் மலர்கிறது. 2008-இலிருந்து 2012 வரை மின்வெட்டு எங்கள் பகுதியைப் பிழிந்தெடுத்தபோது தறியும் டிவியும் ஒன்றாகத்தான் நின்றன. பெரியவர்களுக்குக் கூலி போன கவலை. பிள்ளைகளுக்கு, ஜாக்கிசான் தொடரின் வில்லன் ஷெண்டு தப்பித்தானா இல்லையா என்ற கவலை. இரண்டும் உண்மையான கவலைதான்.

இந்தத் தலைமுறைக்குக் கதை சொன்னவர்கள் யார்? திரையில் தெரிந்தவர்கள் இல்லை. சென்னையில் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களில் நின்று குரல் கொடுத்தவர்களும், அவர்களுக்கு வசனம் எழுதிக்கொடுத்தவர்களும்தான். அது லேசான வேலை இல்லை. பாத்திரம் வாயைத் திறக்கும் நொடியில் சொல் தொடங்க வேண்டும், மூடும் நொடியில் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் முதலிலேயே வந்துவிடும் வினை தமிழில் கடைசியில் வரும். வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்படி வைக்க வேண்டும். ஒரே ஆள் காலையில் கிழவராகவும் மதியம் குரங்காகவும் பேச வேண்டும். இத்தனையும் செய்தவர்களின் பெயர், படம் முடிந்து ஓடும் எழுத்துகளில் வரவே வராது. அமெரிக்காவில் வரைந்தவர் பெயர் ஓடும், கொரியாவில் வண்ணம் தீட்டியவர் பெயரும் ஓடும். நம் குழந்தையின் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் பேசியவர் பெயர் மட்டும் இருக்காது. இதை நான் சாதாரணக் குறையாக எண்ணவில்லை. இது ஒரு அநியாயம்.

பக்கத்து நாட்டில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. இலங்கை ரூபவாஹினி தொலைக்காட்சி 1982-இல் தொடங்கியபோது அதன் டப்பிங் பிரிவைக் கட்டியெழுப்பியவர் டைட்டஸ் தொட்டவத்த. திரைப்பட இயக்குநர், படத்தொகுப்பாளர். பக்ஸ் பன்னி ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆகவும், டாக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஆகவும் சிங்களக் குழந்தைகளிடம் போனது அவர் கையால். கதாபாத்திரங்கள் சிங்களக் கிராமத்துப் பேச்சு பேசின, சிங்களப் பாட்டுப் பாடின. 2011-இல் அவர் இறந்தபோது, எங்கள் குழந்தைப்பருவத்தைத் தந்தவர் போய்விட்டார் என்று அந்த நாடு துக்கப்பட்டது. தமிழில் அந்த இடத்தில் வைத்து நினைக்க நமக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

அயல் நாட்டுக் கதாநாயகனைத் தமிழ் பேசவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் பிறந்த அந்த மாயாவி, தமிழ்நாட்டு டீக்கடை பெஞ்சுகளில் சொந்தக்காரனைப் போல உட்கார்ந்துகொண்டான். ஆனால் அதே காலத்தில் அம்புலிமாமா இருந்தது, வாண்டுமாமா எழுதிக்கொண்டிருந்தார், அழ. வள்ளியப்பா பாடிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்ததும் நம் மண்ணில் முளைத்ததும் ஒரே பையன் கையில் சேர்ந்து இருந்தன. டிவியில் அப்படி ஒரு சமநிலை அமையவே இல்லை.

சோமனூரின் பொருளாதாரம் தெரிந்தவர்களுக்கு இந்த நிலைமை உடனே புரியும். எங்கள் விசைத்தறியாளர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தத் துணி நெய்வதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார், இவர்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். துணி யாருடையது, எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது இவர்கள் கையில் இல்லை. கூலியை உயர்த்தக் கேட்டு 2025 மார்ச்சிலிருந்து கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளை ஒரு மாதம் போல நிறுத்தியே வைத்திருந்தார்கள். கார்ட்டூனிலும் நாம் செய்துகொண்டிருப்பது இந்தக் கூலி நெசவுதான். கதை வேறு யாருடையதோ, உருவம் வேறு யாருடையதோ. குரலை மட்டும் நாம் கூலிக்குக் கொடுக்கிறோம்.

குரலோடு நிற்கவில்லை, துணியையும் கொடுக்கிறோம். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினால் உலகத்துக் கார்ட்டூன் எல்லாம் குழந்தை பனியன்களின் நெஞ்சில் வரிசையாகத் தொங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஒரு பாத்திரத்துக்கு ஐந்தோ ஆறோ ஸ்கிரீன் போட்டு, மேஜை மேல் விரித்த துண்டுகளில் ஒவ்வொரு நிறமாக இழுத்துப் பதிப்பார்கள். நிறம் கொஞ்சம் விலகினால் பாத்திரத்தின் கண் கன்னத்துக்கு வந்துவிடும். பீஸ் கழிந்துவிடும். கைத்திறன் இங்கே இருக்கிறது. அந்த முகத்துக்கான உரிமைத்தொகை போய்ச் சேர்வது வேறு நாட்டுக்கு.

கார்ட்டூனும் சரக்கும் இப்படிப் பின்னிக்கிடப்பது தற்செயல் இல்லை. ஜப்பானில் ஒசாமு தெஸூகா 1963 ஜனவரி 1 அன்று ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை ஒளிபரப்பத் தொடங்கியபோது, எடுக்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்கு விற்றார். பாத்திரத்தின் உருவத்தை மிட்டாயிலும் பொம்மையிலும் போட விற்ற உரிமை அந்த நட்டத்தை ஈடுகட்டியது. இன்று உலகையே ஆளும் ஜப்பானிய அனிமேஷன் தொழில் இந்தக் கணக்கின் மேல் எழுந்தது. அமெரிக்கா இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே எண்பதுகளில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், கடையில் விற்க வைத்திருந்த பொம்மைக்காகவே தொடர் எடுத்தார்கள். 1983-இன் ‘ஹீ-மேன்’ அந்த வகை. வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்த 2013-ஆம் ஆண்டில், தன் பாத்திரங்கள் பதித்த சரக்கை அந்த நாட்டில் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக டிஸ்னி அறிவித்திருந்தது. ஒரு எலியின் படம் எந்த நாட்டுத் தொழிலாளிக்கு வேலை தரும், எந்த நாட்டில் பிடுங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு இது பெரிய விஷயம்.

இந்தியப் பாத்திரங்கள் வந்த பிறகாவது நிலைமை மாறியதா என்றால், பாதி மாறியது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்தில் ராஜீவ் சிலாகா உருவாக்கிய ‘சோட்டா பீம்’ 2008-இல் போகோ அலைவரிசையில் வந்தான். 2012-இல் ‘மோட்டு பட்லு’ வந்தார்கள். அமெரிக்கச் சாப்பாடு போய் லட்டும் சமோசாவும் வந்தது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பீம் வாழும் தோலக்பூர் நம் ஊர் இல்லை. சோமனூரின் லைன் வீடுகளில் இப்போது ஒரு வீட்டில் ஒடிசா, பிஹார்க் குடும்பம், அடுத்த வீட்டில் தேனி, விருதுநகரிலிருந்து வந்த குடும்பம். இந்தப் பிள்ளை இந்தியிலும் அந்தப் பிள்ளை தமிழிலும் ஒரே மோட்டு பட்லுவைப் பார்த்துவிட்டு வாசலில் ஒன்றாக விளையாடுகின்றன. ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும், கதை இருவருக்கும் முழுதாகத் தெரியும். பெரியவர்கள் வடக்கத்தியான் என்று பேசிக்கொண்டிருக்கும் தெருவில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்ததற்கான நன்றி அந்தத் தொடருக்கு உண்டு. ஆயினும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வாழ்கிற இந்தத் தெரு, இந்தத் தறி, இந்தச் சனிக்கிழமைச் சம்பளம், எந்தத் தொடரிலும் இல்லை.

திறமை இல்லாததால் இல்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் சென்னையில் வினோத் சந்தரும் நண்பர்களும் தொடங்கிய ‘சூச்சூ டிவி’ யூடியூபில் உலகின் மிகப் பெரிய குழந்தைகள் அலைவரிசைகளில் ஒன்றாக வளர்ந்தது. பிரேசிலிலும் பிலிப்பைன்ஸிலும் சாப்பிட அடம்பிடிக்கிற குழந்தை பார்ப்பது சென்னையில் வரைந்த பொம்மையை. அந்த நிறுவனம் தமிழிலும் பாட்டுகள் செய்கிறது, ஆனால் உலகைப் பிடித்தது ஆங்கில நர்சரிப் பாட்டை வைத்துத்தான். சந்தை அங்கே இருக்கிறது, அவர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. இதைவிடப் பழைய சான்றும் உண்டு. 1989-இல் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடியதற்கு அனிமேஷன் செய்தவர் ராம் மோகன். தமிழ்க் குழந்தைகள் அதைத் திரையரங்கில் வாய்பிளந்து பார்த்தார்கள். ஒரு பாட்டோடு முடிந்துபோனது.

நம் கொங்கு மண்ணின் கதை ஒன்று முழுநீள அனிமேஷன் தொடராகவே வந்திருக்கிறது. இதை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் வட்டாரத்தில் ஓலப்பாளையம் என்ற ஊரில் தங்கி ஆய்வு செய்தார். 1965-இல் அங்கே உடுக்கை அடித்துப் பாடிய கலைஞர்களிடமிருந்து அண்ணன்மார் கதையை இரவு இரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அண்ணன்மார் பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை அருக்காணி, கொம்பன் என்ற பன்றி. பதினெட்டு இரவுகள் நீண்ட பாட்டு. அதை எழுத்தாக்கினார், ஆங்கிலமும் தமிழும் எதிரெதிராக வைத்து 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாக நூலாக்கினார். அத்தோடு விடாமல், பிற்காலத்தில் தமிழ் ஓவியர்களோடு சேர்ந்து ‘லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா’ என்ற பெயரில் 26 பாகத் தொடராக எடுத்தார், ஆங்கிலத்திலும் தமிழிலும். பெரிய ஸ்டூடியோவின் வழவழப்பு அதில் இல்லை. பக்கத்து வயலில் நடப்பது போல ஒரு மண்வாசனை உண்டு. அண்ணன்மாருக்கு எடுக்கும் வீரப்பூர் திருவிழாவுக்குப் போய்வந்த பாட்டி அந்தப் படத்தைப் பார்த்தால் யார் எவர் என்று பேரனுக்குச் சொல்லிவிட முடியும்.

அந்தக் கதையை அப்படியே குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலம் வைத்திருப்பவர்களும் வேட்டுவர்களும் மோதும் கதை அது. சாதிப் பெருமைக்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. எழுதுகிறவர் அருக்காணியின் கண்ணால் பார்த்து எழுதலாம், வேட்டுவர் பக்கத்து நியாயத்தையும் வைக்கலாம். அதற்குப் பொறுமையும் துணிவும் உள்ள எழுத்தாளர்கள் தமிழில் இருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: எங்கள் கதையைச் சொல்ல ஒரு கனடாக்காரர் அரை நூற்றாண்டு உழைத்திருக்கிறார். அவர் செய்ததில் கால்வாசியைக்கூட நம் அரசோ நம் தொலைக்காட்சிகளோ நினைத்துப் பார்க்கவில்லை.

பொதுப்பணத்தில் கார்ட்டூன் எடுக்க முடியுமா, எடுத்தால் யாராவது பார்ப்பார்களா என்று கேட்பவர்களுக்கு ‘மீனா’ இருக்கிறாள். யுனிசெஃப் தொண்ணூறுகளில் தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக உருவாக்கிய தொடர். உருவம் கொடுத்ததில் அதே ராம் மோகனுக்குப் பெரிய பங்கு. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மீனாவை வீட்டில் நிறுத்துகிறார்கள். அவள் தன் கிளியை வகுப்புக்கு அனுப்பிப் பாடம் கற்றுக்கொள்கிறாள். கற்ற கணக்கை வைத்துக் கோழித் திருடனைப் பிடித்துவிடுகிறாள். வங்கதேசத்தில் மீனாவை அறியாத வீடு அரிது. திருப்பூர்ப் பகுதியில் பள்ளியை விட்ட சிறுமிகள் பிசிறு வெட்டப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வந்த தொடர் அது. அவள் எங்கள் தெருவிலும் தமிழில் பேசியிருந்தால், ஒருசில அப்பாக்களாவது ஒருமுறை யோசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படி ஒரு தொடர் எடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தேவையான எல்லாமே அரசின் கையிலேயே இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. அதில் பாடம் வருகிறது, கதை வருவது குறைவு. ஐந்து மணிக்குத் தனியாக வீட்டுக்கு வரும் குழந்தை மறுபடியும் ஒரு பாடத்தைப் பார்க்க விரும்பாது. தரமணியில் எம்ஜிஆர் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் படிப்பு இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளியே வருகிறவர்கள் வெளிநாட்டுத் தொடர்களின் துண்டு வேலைகளைக் கூலிக்குச் செய்யப் போகிறார்கள். இவர்களை ஒன்று சேர்த்து, ஆண்டுக்கு ஒரு தொடர், பதிமூன்று பாகம், மாலை ஐந்து மணிக்கு என்று தொடங்கலாம். ஒரு தொடர் தறித் தெருவில் நடக்கட்டும், அடுத்தது இராமேஸ்வரத்துப் படகுத்துறையில், அதற்கடுத்தது நீலகிரித் தேயிலைத் தோட்டத்து லயத்தில். தறித் தெருப் பிள்ளை ‘சரிங்க’ என்றே பேசட்டும், அதன் அம்மா ‘வா கண்ணு’ என்றே கூப்பிடட்டும். குரல் கொடுத்தவர், வசனம் எழுதியவர் பெயர்கள் தொடக்கத்திலேயே, பெரிய எழுத்தில் வர வேண்டும்.

பாத்திரங்களின் உரிமையை அரசே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் மிக முக்கியமான நிபந்தனை. தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அதை எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. திருப்பூரின் சிறு பிரிண்டிங் பட்டறைகளுக்கும் சிவகாசியின் நோட்டுப் புத்தக அச்சகங்களுக்கும் குறைந்த கட்டணத்தில் உரிமம் கொடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் இலவசப் பையிலும் அந்த முகங்களைப் போடலாம். உரிமத்தில் வரும் தொகை அடுத்த தொடரின் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். ஜப்பானில் தெஸூகா 1963-இல் போட்ட கணக்கு இதேதான். அவருக்குப் பனியன் நகரம் ஒன்று பக்கத்தில் இருக்கவில்லை.